ஜமுனா வாயைப் பொத்திச் சிரிக்கவில்லை

"அவள் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள். முந்தானையை இப்படி எடுத்து, இப்படி." நான் செய்தே காட்டினேன். மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்த ஆறு பேரும் என்னையே பார்த்தார்கள். டீச்சர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "எந்தப் பக்கம்?" என்று கேட்டார். பக்க எண் எனக்கு நினைவில்லை. ஆனால் அந்த வரி இருந்தது. வலதுபுறத் தாளில், மேலிருந்து நாலைந்து வரி தள்ளி. கண்ணை மூடினால் அச்செழுத்து தெரிந்தது. மூன்று பிரதிகளை ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் தேடினோம். அப்படி ஒரு வரி ‘தண்ணீர்’ நாவலில் எங்கேயும் இல்லை.

எங்கள் வாசிப்பு வட்டத்துக்குப் பெயர்கூடக் கிடையாது. தருமபுரி குமாரசாமிப்பேட்டையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவரின் மொட்டைமாடி, இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் தாழ்ந்த பிறகு. அவ்வளவுதான். டீச்சர், எதிர்வீட்டில் புளி உடைத்துக் கொட்டை எடுத்துக்கொடுக்கும் ஓர் அக்கா, பாலக்கோடு பக்கம் பட்டுப்புழு வளர்க்கும் ஓர் அண்ணன், அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் ஒரு தம்பி, மருந்துக்கடையில் கணக்கு எழுதும் நான், என்னுடன் கல்லூரியில் படித்த தோழிகள் இருவர். தோழிகள் பேசியது குறைவு, வேர்க்கடலை தின்றது அதிகம். அவர்களும் வேண்டும். எல்லோரும் பேசுகிறவர்களாகவே இருந்தால் அது பட்டிமன்றமாகிவிடும்.

முதல் முயற்சி படுதோல்வி. ஆசை ஆசையாய் மூன்று பாகச் சரித்திர நாவல் ஒன்றை எடுத்தோம். எண்பதாவது பக்கத்தில் குதிரைகள் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தன, நாங்கள் கடக்கவில்லை. ஒருவருக்குக் கடைசிப் பஸ், ஒருவருக்கு மாமியாருக்குக் கண் அறுவைச் சிகிச்சை, எனக்கு ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரம். மூன்றாவது கூட்டத்துக்கு டீச்சரும் புளி அக்காவும் மட்டும் உட்கார்ந்து வெற்றிலை போட்டிருக்கிறார்கள். புதிதாக வட்டம் தொடங்குகிறவர்களுக்கு இதை மட்டும் அடித்துச் சொல்வேன்: முதல் புத்தகம் ஒல்லியாக இருக்கட்டும். பெரிய நாவல்களை மதிக்கிறேன். ஆனால் பாதியில் விட்ட புத்தகம் ஒன்று வீட்டில் இருந்தால், அடுத்த புத்தகத்தையும் அது தொடவிடாது.

இரண்டாவதாக டீச்சர் எடுத்துக்கொடுத்தது அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. கணையாழி மாத இதழில் தொடராக வந்து, 1970-களின் தொடக்கத்தில் புத்தகமான சிறிய நாவல். ஆசிரியர் பெயரைக் கேட்டதும் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்து, "சாகித்திய அகாதமி விருது, 1996, ‘அப்பாவின் சிநேகிதர்’" என்றான். "படித்திருக்கிறாயா?" என்றேன். "இல்லை அக்கா, கேள்வியில் வந்தது." அவனைக் குறை சொல்ல முடியாது. எங்களில் பாதிப்பேர் அந்தப் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

கதையை முழுக்கச் சொல்லப்போவதில்லை. சென்னையில் ஒரு தெரு. கோடை, குழாயில் தண்ணீர் இல்லை. அந்தத் தெருவில் வாடகைக்கு இருக்கிறாள் ஜமுனா. சினிமா வாய்ப்பு என்ற ஆசையைக் காட்டி அவளை அலைக்கழிக்கிறவன் பாஸ்கர் ராவ். தங்கை சாயா வேலைக்குப் போகிறவள், கணவன் ராணுவத்தில். அக்கம்பக்கத்தில் ஒரு டீச்சரம்மா, அவளுக்கு நோயாளிக் கணவனும் ஒரு மாமியாரும். இவர்களுக்கு நடுவில் குடம், வாளி, அடிபம்பு, தோண்டிப் போட்ட சாலை. பெரிய சம்பவம் என்று சொல்ல அதிகம் இல்லை. அழவைப்பதற்காக எழுதப்பட்ட ஒரு வரிகூட இல்லை. இப்படிப்பட்ட கதையில் வருகிறவள் எப்படி என் வீட்டுக்குள் நுழைந்தாள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

நாவலை நான்கு பகுதிகளாகப் பிரித்தோம். ஒரு கூட்டத்துக்கு ஒரு பகுதி, முன்னால் ஓடக் கூடாது என்பது விதி. இரண்டு மணி நேரத்தில் படித்து முடிக்கக்கூடியதை இரண்டு மாதம் இழுப்பதா என்று எனக்கே எரிச்சல். ஆனால் தொடர்கதையாக வந்ததைத் தொடர்கதையாகப் படிப்பதில் ஒரு நியாயம் இருந்தது. பாதியில் நிறுத்தும்போது ஜமுனா பாதியிலேயே நிற்கிறாள். பதினான்கு நாள் அவளை அப்படியே நிற்கவைத்துவிட்டு நாம் சோறு சாப்பிடுகிறோம், பஸ் ஏறுகிறோம், பில் போடுகிறோம். பாத்திரத்தின் மீது பாசம் படிக்கும்போது வருவதைவிட இந்த நடுவில் கிடக்கும் நாட்களில்தான் அதிகமாக வருகிறது. எனக்கு அப்படித்தான் வந்தது. எங்கள் தெருவில் ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாளில் விடியற்காலையிலேயே குடங்கள் முட்டும் சத்தம் கேட்கும். ஒருநாள் அரைத்தூக்கத்தில், ‘ஜமுனா எழுந்துவிட்டாளா, குடம் வைத்துவிட்டாளா’ என்று நினைத்தேன். ஒரு நொடிதான். எழுந்து உட்கார்ந்து எனக்கு நானே வெட்கப்பட்டேன். வயது நாற்பத்திரண்டு.

இதை யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் புளி அக்கா தானாகவே ஆரம்பித்தார்: "அந்தப் பெண்ணுக்கு ஒருவேளை சுடச்சுடக் களி கிண்டிப்போட ஆளில்லையே." அக்கா எட்டாவது வரை படித்தவர். எழுத்துக்கூட்டிப் படிக்க முடியும், ஆனால் கண் ஒத்துழைப்பதில்லை. ஆகவே டீச்சர் வாய்விட்டுப் படிப்பார், அக்கா புளியை உடைத்து, நார் உருவி, கொட்டையைத் தனியே தள்ளிக்கொண்டே கேட்பார். தை முதல் பங்குனி வரை அவருக்குச் சும்மா உட்கார நேரமில்லை. கேட்டுப் படித்த அக்காதான் எங்கள் எல்லோரையும்விட ஜமுனாவை நன்றாக அறிந்திருந்தார். எங்கே யார் என்ன சொன்னார்கள், எந்த வாக்கியத்தில் ஜமுனா பதில் சொல்லாமல் இருந்தாள் என்பதெல்லாம் அவருக்கு அப்படியே நினைவிருந்தது. நாங்கள் கண்ணால் தாண்டிப் போனவற்றை அவர் காது தாண்டவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் நாலைந்து பக்கமாவது உரக்கப் படிப்பது வழக்கமாகிவிட்டது. அசோகமித்திரனின் நடை தட்டையாக இருக்கிறது என்று முணுமுணுத்த என் தோழி ஒருத்தி, கேட்ட பிறகு அப்படிச் சொல்லவில்லை.

விதியை மீறியவர் பட்டுப்புழு அண்ணன். கடைசித் தோலுரிப்பு முடிந்து எழும் புழு ஏறக்குறைய ஒரு வாரம் வெறிபிடித்த மாதிரி தின்னும். அதன் ஆயுளில் தின்னும் தழையில் பெரும்பகுதி அந்த ஒரு வாரத்தில்தான் போகும். இரவெல்லாம் மல்பெரித் தழை போட வேண்டும். அந்த வாரம் அவர் கூட்டத்துக்கு வரவில்லை. கொட்டகையில், ஒரு வேளைத் தழைக்கும் அடுத்த வேளைத் தழைக்கும் நடுவில் விழித்திருக்க வேண்டுமே என்று, இரண்டே இரவில் நாவலை முடித்துவிட்டார். முடித்ததைச் சொல்லவும் இல்லை. நாங்கள் பாஸ்கர் ராவைப் போட்டு மிதித்துக்கொண்டிருக்கும்போது, "அவசரப்பட்டு யாரையும் திட்டாதீர்கள்" என்று மட்டும் சொல்வார். பாஸ்கர் ராவுக்காக வாதாட இந்த மாவட்டத்திலேயே ஒரே ஆள் அவர்தான். எனக்கு இன்றுவரை அந்த வாதத்தில் உடன்பாடில்லை. ஆனால் எதிர்த்துப் பேச ஒருவர் இருந்ததால்தான், ஏன் அவனைப் பிடிக்கவில்லை என்று எங்களுக்கே விளக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. வெறுமனே ‘கெட்டவன்’ என்றால் அண்ணன் விடமாட்டார். "என்ன செய்தான்? எந்தப் பக்கம்?"

டீச்சருக்குப் பள்ளிக்கூடப் பழக்கம் போகவில்லை. முதல் கூட்டத்தில், "இந்தப் பகுதியிலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்ன?" என்று கேட்டார். ஆறு பேரும் தலைகுனிந்து கடலை உரித்தோம். தம்பி மட்டும், "நீர் மேலாண்மையின் அவசியம்" என்றான். அத்துடன் பேச்சு செத்தது. அடுத்த முறை புளி அக்கா ஒரு கேள்வி கேட்டார்: "இவர்களில் ஒருத்தி இப்போது மாடியேறி வந்தால் எங்கே உட்காரவைப்பீர்கள்?" மாலை ஏழரை வரை பேசினோம். சாயாவைப் பக்கத்தில் உட்காரவைத்தால் நம் வீட்டுத் தூசியைப் பார்ப்பாள் என்றாள் ஒருத்தி. டீச்சரம்மாவுக்கு நாற்காலி போட வேண்டும், நாள் முழுக்க நின்றிருப்பாள் என்றார் எங்கள் டீச்சர். அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் மாறியது. நாங்கள் கவனித்தோம், கேட்கவில்லை. நான் ஜமுனாவை என் வலப்பக்கத்தில் உட்காரவைப்பேன் என்றேன். என் அக்கா எப்போதும் உட்காரும் பக்கம் அது என்பது அப்போது எனக்கே தோன்றவில்லை.

சித்திரை பிறந்த பிறகு கூட்டத்தில் நாவலும் ஊரும் கலந்துவிட்டன. சென்னையில் அந்தத் தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலையும் பகுதியை டீச்சர் படித்துக்கொண்டிருக்கிறார், என் தோழியின் கைப்பேசி அடிக்கிறது. "தண்ணீர் வந்துவிட்டதாம்!" இரண்டு தோழிகளும் பாதிப் பெங்களூரா மாங்காயை உப்பு மிளகாய்த்தூளோடு அப்படியே விட்டுவிட்டு ஓடினார்கள். டீச்சர் புத்தகத்தை மூடிவிட்டுச் சிரிசிரியென்று சிரித்தார். அதற்குப் பிறகு ‘தண்ணீர்’ படிக்கும் கூட்டத்தைத் தண்ணீர் வராத நாளாகப் பார்த்து வைத்தோம்.

அந்த நாட்களில்தான் முதலில் சொன்ன சண்டை. ஜமுனாவைப் பற்றிப் பேச்சு வந்தபோது, அவள் சிரிப்பை விவரித்தேன். இல்லாத வரியை இருக்கிறது என்று சாதித்தேன். இல்லை என்று ஆன பிறகும், "வேறு பதிப்பில் இருக்கும்" என்றேன். தம்பி நமுட்டுச் சிரிப்புச் சிரித்தான். எனக்குக் கோபம் வந்தது. அவன் புத்தகத்தின் முனையை மடித்து வைத்திருந்ததைச் சாக்காக வைத்து, நூலகப் புத்தகத்தை மடிக்கலாமா என்று காட்டுக்கத்தல் கத்தினேன். வீட்டில் எல்லாப் புத்தகத்துக்கும் அட்டை போட்டு வைத்திருப்பவள் நான். மடித்த தாளைப் பார்த்தால் எனக்கு உடம்பு எரியும். ஆனால் அன்று எரிந்தது அதற்காக அல்ல.

வீட்டுக்கு நடந்து வரும்போது, குமாரசாமிப்பேட்டை தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பது என் அக்கா.

எங்கள் கிராமம் பாலக்கோட்டுக்குப் பக்கம். ஆழ்குழாய்த் தண்ணீர்தான் குடித்தோம். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும், ருசியும் மோசமில்லை. அதில் ஃபுளோரைடு இருந்தது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது போகக் கூடாது என்பார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல கிராமங்களில் அந்த அளவைத் தாண்டித்தான் இருந்தது. காய்ச்சினால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கெட்டிப்படும். நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் சிறு வயதில் இந்தத் தண்ணீரைக் குடித்தால், முளைக்கும் பல்லே பழுப்புக் கோடும் திட்டுமாக முளைக்கும். தேய்த்தால் போகாது. என்னை இரண்டு வயதில் மேட்டூரில் இருந்த பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், பத்து வயதில்தான் திரும்பி வந்தேன். காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்த என் பல் வெள்ளை. கிராமத்திலேயே இருந்த அக்காவின் பல் அப்படி இல்லை. பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார், "கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்கள்" என்றார்கள். அன்றிலிருந்துதான் முந்தானை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டபோது அக்காவின் மகளுக்கே பல் விழுந்து முளைத்து முடிந்திருந்தது.

தண்ணீர் இல்லாத தெருவில் இருந்த ஜமுனாவுக்கு, தண்ணீரால் கறைபட்ட என் அக்காவின் சிரிப்பைக் கொண்டுபோய் ஒட்டியிருக்கிறேன். நான்கு கூட்டமாக நான் பரிந்து பேசியது யாருக்காக என்று யோசித்தால் கொஞ்சம் பயமாக இருந்தது. அடுத்த கூட்டத்தில் எல்லோரிடமும் சொன்னேன். தம்பியிடம் மன்னிப்பும் கேட்டேன். யாரும் ஆச்சரியப்படவில்லை என்பதுதான் ஆச்சரியம். புளி அக்கா மனதில் ஜமுனா நல்ல கறுப்பு, உயரம். டீச்சர் மனதில் ஒல்லி, கண்ணாடி போட்டவள். அண்ணனோ பாஸ்கர் ராவின் காரை வெள்ளை என்று சாதித்தார்; காரின் நிறத்தைப் பற்றி யாருக்கும் எதுவும் நினைவில்லை. ஏழு பேரும் ஏழு ஜமுனாக்களைக் கூட்டிவந்து உட்காரவைத்து, ஒருத்தியைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

பாசம் வைப்பது தப்பென்று நான் நினைக்கவில்லை. பாசமில்லாமல் நாவலைப் படிப்பது தம்பியின் கேள்வித்தாள் வழிதான். ஆனால் பாசம் புத்தகத்தைத் திருத்தி எழுதிவிடுகிறது. அதற்கு நான் கண்டுபிடித்த வைத்தியம் மருந்துக்கடைக் கணக்கு நோட்டு. தாளின் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் புத்தகத்தில் இருப்பது, பக்க எண்ணோடு. வலப்பக்கம் எனக்குத் தோன்றியது. ‘சாயா அக்காவைக் கடிந்துகொள்கிறாள்’ என்பது இடப்பக்கம். ‘சாயாவுக்கு நெஞ்சில் ஈரமில்லை’ என்பது வலப்பக்கம். முதல் முறை படித்தபோது சாயாவைப் பற்றி வலப்பக்கம் மட்டும் நிறைந்திருக்கும். அவ்வளவு எரிச்சல் அவள் மேல். நோட்டோடு இரண்டாம் முறை படித்தபோது இடப்பக்கத்தில் வேறு விஷயங்கள் சேர்ந்தன. கணவன் எங்கோ தூரத்தில். இவள் தினமும் வேலைக்குப் போகிறாள். அக்காவைப் பற்றிக் கவலைப்படுகிறாள். திட்டுகிறவள் திட்டுவதற்காகவாவது திரும்பத் திரும்ப வந்து நிற்கிறாளே. எனக்குச் சாயாவைப் பிடித்துப்போனது இப்படித்தான், மெதுவாக, கணக்கு எழுதி எழுதி.

முடித்த பிறகு ஒரு வெறுமை வரும். வந்தது. அதற்குத் தம்பி செய்தது அன்றிரவே அடுத்த நாவலைத் தொடங்கியது. பலன், பத்து நாள் கழித்து அந்த நாவலின் கதாநாயகியை ஜமுனா என்றே சொல்லிக்கொண்டிருந்தான். நாங்கள் மற்றவர்கள் மூன்று வாரம் ஒன்றும் எடுக்கவில்லை. கூட்டம் மட்டும் கூடினோம். பேசியது பெரும்பாலும் ஊர்க்கதை, தக்காளி விலை, டீச்சர் வீட்டு மாடித் தொட்டி கசிவது. நடுநடுவே ஜமுனா வந்துபோனாள். முடிந்த நாவலுக்கும் கொஞ்ச நாள் இப்படி ஒரு திண்ணை வேண்டியிருக்கிறது. ஒரு தோழி மட்டும் ஜமுனாவுக்கு அப்புறம் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு முழு அத்தியாயம் சொந்தமாகச் சொன்னாள், அதில் ஜமுனா வங்கி வேலையில் சேர்ந்து ஓசூரில் வீடு கட்டிவிட்டாள். ரொம்பவே அதிகம் என்று தோன்றியது. ஆனாலும் யாரும் தடுக்கவில்லை.

மூன்று பிரதிகளில் ஒன்று நான் வாங்கியது. அட்டை போட்டு, காவேரிப்பட்டணத்தில் இருக்கும் அக்காவுக்குக் கொடுத்தனுப்பினேன். எதற்கு என்று சொல்லவில்லை. சிரிப்பு விஷயத்தையும் சொல்லவில்லை. சொல்ல எப்படித் தொடங்குவது என்றும் தெரியவில்லை. அக்கா கடைசியாக எப்போது கதைப்புத்தகம் படித்தாள் என்பதே எனக்குத் தெரியாது. மாங்காய்க் காலம் வேறு, மாமாவின் தோப்பில் ஆட்களுக்குச் சமைத்துப்போடவே அவளுக்குப் பொழுது போதாது. ஒரு மாதம் பேச்சே இல்லை. நானும் கேட்கவில்லை.

ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு மேல் அவளே கூப்பிட்டாள். மாங்காய், மழை, மகளின் தேர்வு எல்லாம் முடிந்த பிறகு, "அந்தப் புத்தகம் முடித்துவிட்டேன்" என்றாள்.

"ஜமுனாவைப் பிடித்திருந்ததா?"

"அவளா? அவளை எனக்குப் பிடிக்கவே இல்லை. எதற்கெடுத்தாலும் பேசாமல் நிற்கிறாள். அந்தத் தங்கைக்காரி இருக்கிறாளே, சாயா, அவளைத்தான் பிடித்தது. வந்து நின்றாலே திட்டுத்தான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவள் வருகிற இடமெல்லாம் தாளை மடித்து வைத்திருக்கிறேன். புத்தகத்தைக் கெடுத்துவிட்டாய் என்று கத்தாதே."

நான் கத்தவில்லை. எத்தனை தாள் என்று மட்டும் கேட்டேன்.